கடல் சண்டையில் உயிர் பயம் வேண்டுமா? தண்ணீருக்கு வேலை கொடுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, டைஸ் போட்டுக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டத்தில் கடல் கேம்ப்பெயின் (பல நாள் தொடரும் கதை) நடத்துகிற டிஎம்கள், அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர்கள், பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்து ‘டெட்லி’ (உயிர் போகக்கூடியது) என்று கணக்குப் போட்டுத் தயார் செய்த சண்டை மூன்றே ரவுண்டில் (எல்லோருக்கும் ஒரு டர்ன் வரும் சுற்று) முடிந்துவிடுகிறது, பார்ட்டியில் (பிளேயர்களின் குழுவில்) ஒருவருக்கும் பெரிய காயமில்லை. அடுத்த தடவை கோபத்தில் மான்ஸ்டரை இரண்டு மடங்காக்குவார்கள், அன்றைக்கு மொத்தப் பார்ட்டியும் காலி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தரையில் நடக்கும் சண்டையை அப்படியே தூக்கிக் கப்பல் தளத்தில் வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் இருக்கிற கடல் வெறும் நீல நிறமாக மேப்பில் கிடக்கிறது. கடலில் ஆளைக் கொல்ல வேண்டியது தண்ணீர்தான். மான்ஸ்டரின் வேலை ஆளைத் தண்ணீரில் இறக்குவது, இறக்கிய பிறகு மேலே வர விடாமல் பிடித்து வைப்பது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

நான் இங்கே சொல்லும் எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலிருந்து வருபவை. 2024 விதிகளிலோ வேறு சிஸ்டத்திலோ ஆடுகிறவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், யோசனை அப்படியே பொருந்தும்.

முதலில் அந்த ‘டெட்லி’ கணக்கு. ஐந்தாம் லெவல் கேரக்டர்கள் நான்கு பேர் என்றால் எதிரிகளின் மதிப்பு 3,000 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வந்தால் ஹார்ட், 4,400 வந்தால் டெட்லி. ஆனால் இந்த அளவுகோலுக்குப் பின்னால், ஒரே நாளில் ஆறு முதல் எட்டு சண்டைகள் வரும், கடைசிச் சண்டைக்குள் ஸ்பெல்லும் (மந்திரம்) ஹிட் பாயின்டும் (உயிர்ப் புள்ளி) கரைந்திருக்கும் என்ற எண்ணம் இருக்கிறது. கப்பல் பயணத்தில் அப்படியா நடக்கிறது? நான்கு நாள் ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் ஒரு சண்டை, அப்புறம் மறுபடி மூன்று நாள் ஓய்வு. விசார்ட் (மந்திரவாதி) தன்னிடம் இருக்கும் இரண்டு ஃபயர்பாலையும் (நெருப்புக் குண்டு மந்திரம்) கண்ணை மூடிக்கொண்டு எறிவார், பாலடின் (புனித வீரர்) ஒவ்வொரு அடிக்கும் ஸ்மைட் (கூடுதல் காயம் தரும் சக்தி) போடுவார், ஏன் போடமாட்டார்கள்?

இதற்கு மான்ஸ்டரைக் கூட்டுவது தீர்வில்லை. ஓய்வை மாற்றுங்கள். டிஎம்முக்கான விதிப்புத்தகமான டிஎம் கைடிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: கொஞ்சம் தேற்றும் ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், முழுசாகத் தேற்றும் லாங் ரெஸ்ட் 7 நாள். கேம்ப்பெயின் முழுக்க இதை வைத்தால் இழுவையாகிவிடும், அதனால் நங்கூரம் எடுத்ததிலிருந்து அடுத்த துறைமுகம் வரை மட்டும் இந்த விதி என்று வையுங்கள். கரையில் பழைய விதியே போதும். கடலில் தூங்கி எழுந்தால் முழுசாகத் தேறிவிட முடியாது என்று தெரிந்துவிட்டால், கண்ணில் படுகிற ஒவ்வொரு பாயையும் பார்த்து மோதலாமா விலகலாமா என்று பிளேயர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சுதான் நமக்கு வேண்டும்.

அடுத்து மேப். கப்பலை 100 அடி நீளம், 20 அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்துக்கு 5 அடி என்ற கணக்கில் 20-க்கு 4 கட்டம். இப்படி வரைந்து மேசையில் போட்ட உடனே ஒரு விஷயம் கண்ணில் படும்: அந்தத் தளத்தில் எங்கே நின்றாலும் பக்கவாட்டு விளிம்பு 10 அடிக்குள் இருக்கிறது. தண்டர்வேவ் என்ற மந்திரம் பட்டு சேவ் (தப்பிக்கப் போடும் டைஸ்) தோற்றவரை அது 10 அடி தள்ளிவிடும். கையால் தள்ளும் ஒரு ஷவ் 5 அடி. ஆக, தள்ளுகிற சக்தி எதுவாக இருந்தாலும் அது இங்கே ஆளைக் கடலில் போடுகிற சக்தி, தரையில் சாதாரணமாகத் தெரிந்த மான்ஸ்டர் கப்பலில் வேறு மாதிரி ஆகிவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தொங்க ஒரு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் கட்டாயம் கொடுங்கள், கொடுத்தால்தான் நியாயம். தண்ணீருக்குத் தனியாக ஒரு தாள் வையுங்கள். கீழே போனவரின் மினியை (சிறு பொம்மை) அந்தத் தாளுக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு ஆறுமுக டைஸை வைத்து, அதில் தெரியும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் எத்தனை அடி ஆழம் என்று அர்த்தம். டைஸ் 2-லிருந்து 6-க்குத் திரும்புவதை எல்லோரும் பார்க்க வேண்டும், மறைக்காதீர்கள்.

இப்போது ஒரு சண்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எதிரிகள் நான்கு மெர்ரோ, கடலில் வாழும் மான்ஸ்டர்கள். ஒன்றுக்கு 450 எக்ஸ்பி, நான்குக்கு 1,800, எண்ணிக்கைக்காக இரண்டால் பெருக்கினால் 3,600. புத்தகக் கணக்கில் இது டெட்லியைத் தொடவே இல்லை. இவை தளத்தில் ஏறி வந்து வரிசையாக நின்று சண்டை போட்டால் உண்மையிலேயே டெட்லி இல்லை. ஒன்றுக்கு 45 ஹிட் பாயின்ட், இரண்டு ஃபயர்பால் சராசரியாக 56, கதை முடிந்தது. ஆனால் மெர்ரோ எதற்கு மேலே ஏற வேண்டும்? தண்ணீரில் 40 அடி வேகம் அதற்கு. முழுக்க மூழ்கி இருக்கிற எதற்கும் நெருப்புக் காயம் பாதிதான். கையில் கயிறு கட்டிய எறியீட்டி வேறு. அது குத்தினால் ஒரு ஸ்ட்ரெங்த் (பலம்) போட்டி, தோற்றால் 20 அடி வரை மெர்ரோ பக்கம் இழுபடுவீர்கள். ஸ்ட்ரெங்த் 8 உள்ள விசார்டுக்கு மைனஸ் 1, மெர்ரோவுக்கு பிளஸ் 4.

முதல் டர்னில் ஈட்டி, விசார்ட் தண்ணீரில். இரண்டாவது டர்னில் அது அவரைக் கட்டிப் பிடிக்கிறது, பிடித்துக்கொண்டு நீந்தினால் வேகம் பாதி, அதனால் 20 அடி கீழே. மூன்றாவது டர்னில் நகர்வும் டேஷும் (தாக்காமல் இன்னொரு முறை நகர்வது) சேர்த்து இன்னொரு 40, மொத்தம் 60 அடி. விசார்டிடம் நொடியில் இடம் மாறும் மிஸ்டி ஸ்டெப் மந்திரம் இருக்கும், ஆனால் அதன் எல்லை 30 அடி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவருக்குக் கிடைக்கும் அந்த ஒரே ஒரு டர்னில் போட்டால் மேற்பரப்புக்கு வந்துவிடலாம், ‘இல்லை, இவனை ஒரு அடி அடித்துப் பார்க்கிறேன்’ என்றால் அவ்வளவுதான். டெட்லி சண்டை என்றால் எனக்கு இதுதான்: பிழைக்க வழி இருந்தது, நேரமும் இருந்தது, தேர்ந்தெடுத்தது பிளேயர். இரண்டாவது டர்ன் முடிந்ததும் டிஎம் சத்தமாகச் சொல்ல வேண்டும்: “20 அடி ஆழத்தில் இருக்கிறாய். அது இன்னும் கீழே இழுக்கப் பார்க்கிறது. வெளிச்சம் மங்குகிறது.” எண்ணைச் சொல்லாமல் மூன்றாவது டர்னில் 60 என்று அறிவித்தால் அது ஏமாற்று வேலை.

மேலே கப்பல் சும்மா நிற்பதில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஓடும் பாய்க்கப்பல் ஆறு விநாடி ரவுண்டில் ஏறக்குறைய 50 அடி போகும். தண்ணீரில் விழுந்தவருக்கு நீந்தும் வேகம் 15 அடி, டேஷ் போட்டால் 30. ரவுண்டுக்கு 20 அடி பின்தங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ரவுண்டில் 40, மூன்றில் 60. பையில் இருக்கிற கயிறு 50 அடி. அதனால் யாராவது விழுந்தால் இரண்டு ரவுண்டுக்குள் கயிறு வீசியாக வேண்டும், இல்லையென்றால் கப்பலைத் திருப்ப வேண்டும். பாயை இறக்கிக் கப்பலை நிறுத்துவதோ திருப்புவதோ உடனே நடக்கிற காரியமில்லை, நான் அதற்குப் பத்து ரவுண்ட் வைப்பேன், நல்ல மாலுமி சுக்கானில் இருந்தால் ஆறு. பின்னால் துரத்தி வரும் கப்பல் இருக்கும்போது ஒருவருக்காகப் பாயை இறக்கலாமா என்ற கேள்வியைக் கேப்டன் வேஷத்தில் இருக்கும் பிளேயரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு அடிகூட டேமேஜ் போடாமல் மேசை முழுக்க வியர்க்கும்.

சரி, மூச்சு. இங்கேதான் விதிப்புத்தகம் நம்மைக் கைவிடுகிறது. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 என்றால் மாடிஃபையர் (டைஸோடு கூட்டும் எண்) 2, அதோடு ஒன்று சேர்த்து 3 நிமிடம் மூச்சடக்கலாம். மூன்று நிமிடம் என்பது 30 ரவுண்ட். எந்தச் சண்டை 30 ரவுண்ட் போகிறது? அதாவது விதிப்படி யாரும் சண்டையில் மூழ்கிச் சாவதே இல்லை. மூச்சை நன்றாக இழுத்துத் தானாகக் குதிப்பவருக்கு அந்த 3 நிமிடம் சரி, முத்துக்குளிக்கப் போகிறவர் போல நிதானமாக இறங்குகிறார். ஈட்டி குத்தி இழுபட்டவருக்கு அது எப்படிப் பொருந்தும்? அதனால் நான் சொல்லும் வீட்டு விதி: எதிர்பாராமல் மூழ்கினால் 5-உடன் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரைக் கூட்டி, அத்தனை சோழியை அந்தப் பிளேயர் முன்னால் வையுங்கள். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் ஒரு சோழி போகும். அடி வாங்கினால் இன்னொன்று. வாய்விட்டுச் சொல்லும் ஸ்பெல் போட்டால் இன்னொன்று. தண்ணீருக்கடியில் மந்திரம் சொல்ல முடியுமா என்று விதிகள் தெளிவாகச் சொல்வதில்லை, முடியாது என்று தடுப்பதைவிட மூச்சைச் செலவழித்துச் சொல்லலாம் என்று விடுவது நல்லது. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவருக்கு ஏழு சோழி, ரவுண்டுக்கு ஒரு அடி வாங்கினால் நான்கு ரவுண்டில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு புத்தக விதி: மாடிஃபையர் அளவு ரவுண்ட், அப்புறம் 0 ஹிட் பாயின்ட். சோழிதான் வேண்டும் என்றில்லை, புளியங்கொட்டையும் போதும். ஆனால் கையால் எடுத்துப் போடுகிற ஏதாவது ஒன்றாக இருக்கட்டும், போனில் எண்ணாதீர்கள்.

தண்ணீருக்குள் மூச்சுவிட வைக்கும் வாட்டர் பிரீதிங் இருந்தால் இதெல்லாம் வீண்தானே என்று கேட்பீர்கள். அது மூன்றாம் லெவல் ஸ்பெல், ரிச்சுவலாக (கூடுதல் நேரம் எடுத்து, ஸ்பெல் செலவில்லாமல்) போடலாம், பத்து பேருக்கு 24 மணி நேரம். புத்திசாலிப் பார்ட்டி தினமும் காலையில் போட்டுவிடும், போடட்டும். அதைத் தடை செய்யும் டிஎம்மை எனக்குப் பிடிக்காது, கடலுக்குப் போகிறவர்கள் கடலுக்குத் தயாராகிப் போகிறார்கள், அதற்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. மூச்சுப் பயம் போனாலும் ஆழம், தூரம், பார்வை மூன்றும் மிச்சம் இருக்கின்றன.

அந்தப் பார்வையைத்தான் அதிகம் பயன்படுத்த வேண்டும். டிஎம் கைடின் கணக்கில் தெளிவான நீரில் நல்ல வெளிச்சம் இருந்தால் 60 அடி தெரியும், வெளிச்சம் மங்கினால் 30, கலங்கிய நீரிலோ இருட்டிலோ 10. காயம் ஆற்றும் ஹீலிங் வேர்ட் ஸ்பெல் 60 அடி போகும், ஆனால் ஆளைப் பார்க்க வேண்டும். தரையில் ஒருவர் விழுந்தால் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) ஒரு வார்த்தை சொல்லி எழுப்பிவிடுவார், அதனால் விழுவதற்கு யாரும் பயப்படுவதில்லை. கலங்கிய நீரில் 10 அடிக்கு அந்தப் பக்கம் விழுந்தவரை யாரோ ஒருவர் குதித்துத் தேடியாக வேண்டும். 0-க்குப் போனவர் ரவுண்டுக்கு 10 அடி மூழ்குகிறார், கனத்த கவசம் போட்டிருந்தால் 20 என்று வையுங்கள். இது என் சொந்த விதிதான், ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிளேட் கவசத்தோடு கடலுக்கு வரும் ஃபைட்டர் முதல் நாளே தெரிந்து முடிவெடுக்கட்டும்.

விழுந்து கிடப்பவரைக் குத்துவது பற்றி என் முடிவான கருத்து: வேண்டாம். விதிப்படி 5 அடிக்குள் இருந்து அடித்தால் கிரிட் (இரட்டை டைஸ் காயம்), மூன்று தோற்றால் சாவு என்ற டெத் சேவில் இரண்டு தோல்வி ஒரே அடியில் வந்துவிடும், பிளேயர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடல் மான்ஸ்டர் குத்தத் தேவையில்லை, இழுத்துக்கொண்டு போனால் போதும். சஹுவாகின் என்ற மீன்மனிதர் கூட்டத்தில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். காயம்பட்ட எவரையும் அவை அட்வான்டேஜோடு (இரண்டு டைஸ் போட்டுப் பெரியதை எடுப்பது) தாக்கும், 120 அடிக்குள் இருக்கும் சுறாக்களுக்குக் கட்டளை கொடுக்கும். தனித்தனியாக 22 ஹிட் பாயின்ட் உள்ள சின்ன எதிரிகள். ஆனால் ஒருவர் ரத்தத்தோடு தண்ணீரில் விழுந்த நொடியில் மொத்தக் கூட்டமும் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்புகிறது என்று காட்டுங்கள். தளத்தில் இருப்பவர்களுக்கு மூச்சுவிட ஒரு ரவுண்ட் கிடைக்கும், அந்த ரவுண்டை வைத்து அவரை மீட்பார்களா ஓடுவார்களா என்பது அவர்கள் கையில்.

கப்பலின் ஹிட் பாயின்ட் பற்றிச் சுருக்கமாக. பாய்க்கப்பலின் உடலுக்கு 300, ஒரே அடியில் 15-க்குக் குறைவான டேமேஜ் அதற்கு ஏறாது. ஆகவே சில்லறை எதிரிகளால் கப்பலை மூழ்கடிக்க முடியாது, டிராகன் டர்ட்டில் (டிராகன் போன்ற பெரிய கடலாமை) மாதிரிப் பெரியவை மட்டும்தான் உண்மையான ஆபத்து. கப்பலை மூழ்கடித்துக் கதையை முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை, காயப்படுத்துவதில் நிறைய இருக்கிறது. ஒரு ஹிட் பாயின்டைச் சரிசெய்யத் துறைமுகத்தில் ஒரு நாள், 20 தங்கக் காசு. 50 போனால் 50 நாள், 1,000 காசு. கேரக்டரின் காயம் தூங்கினால் ஆறிவிடும், கப்பலின் காயம் ஒன்றரை மாதம் கரையில் கட்டிப்போடும், அதற்குள் வில்லன் எங்கேயோ போயிருப்பான்.

எச்சரிக்கை கொடுப்பது டிஎம்மின் கடமை. 1718 நவம்பர் 22 அன்று வட கரோலினாவின் ஓக்ரகோக் தீவருகே கருந்தாடிக் கொள்ளையன் எட்வர்ட் டீச் செத்த சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பீரங்கியால் சுட்டதில் கடற்படை அதிகாரி ராபர்ட் மேனார்டின் ஆட்கள் நிறையப் பேர் விழுந்தார்கள். மேனார்ட் மிச்சமிருந்தவர்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்தார். மேல்தளத்தில் ஆளே இல்லையென்று நம்பி டீச் ஏறிக் குதித்தான், கீழேயிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். இதை அப்படியே உங்கள் ஆட்டத்தில் வைக்கலாம், ஒரே நிபந்தனை: ஏறும் முன்பே பிளேயர்களுக்கு ஒரு துப்பு கிடைக்க வேண்டும். தளத்தில் கிடக்கும் உடல்கள் குறைவு, ஆனால் கொஞ்ச நேரம் முன்பு பாயை இழுத்துக் கட்டியது இருபது கை. இதை விவரிக்கும்போது சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். பிடித்துக்கொண்டால் அவர்கள் கெட்டிக்காரர்கள், விட்டுவிட்டால் பிறகு நினைத்துப் பார்த்து ‘அட, சொன்னாரே’ என்பார்கள்.

இன்னொன்று, பேச்சுக்கு இடம் வையுங்கள். கறுப்புக் கொடி ஏற்றிய கொள்ளையருக்கு வேண்டியது சரக்குதான், சண்டையில் அவர்களுக்கும் ஆள் போகும். டிராகன் டர்ட்டில் பொக்கிஷ ஆசை பிடித்தது, ஐந்தாம் லெவல் பார்ட்டி அதைச் சண்டையில் ஜெயிக்க வாய்ப்பே இல்லை, 60 அடி நீராவி மூச்சில் 15 ஆறுமுக டைஸ் டேமேஜ், அதுவும் தண்ணீருக்கடியில் ஒளிந்தாலும் குறையாது. அதை வைக்கலாமா என்றால் தாராளமாக வைக்கலாம், பெட்டியைக் கடலில் தள்ளினால் போய்விடும் என்று பழைய மாலுமி ஒருவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எதைத் தள்ளுவது என்று பார்ட்டிக்குள் வரும் சண்டை தனி.

மாலுமிகள் முப்பது பேருக்கும் டைஸ் போடாதீர்கள், ஆட்டம் செத்துவிடும். ஐந்து பேருக்குப் பெயர், குணம், ஒரு வேலை. ரவுண்ட் முடிவில் ஒரு ஆறுமுக டைஸ் போடுங்கள், 1 விழுந்தால் பெயருள்ள ஒருவர் ஆபத்தில் மாட்டுகிறார், அடுத்த ரவுண்டுக்குள் யாராவது உதவினால் பிழைப்பார். சமையல்காரர் கைப்பிடியில் தொங்குகிறார் என்று சொன்ன உடனே பார்ட்டியில் ஒருவர் தன் அடியை விட்டுவிட்டு ஓடுவார். அவர்கள் இறப்பது பிளேயர் கேரக்டரின் சாவுக்கு முன்னால் வரும் விலை.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு விஷயம், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நம் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் யாரையாவது பறிகொடுத்தவர் இருக்கலாம், நாகப்பட்டினமோ கடலூரோ மட்டக்களப்போ, சொல்லாமல் இருப்பார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கடலில் போனவர் திரும்பாதது கதையில்லை. முதல் செஷனுக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: மூழ்குவது, பேரலை, உடல் கிடைக்காமல் போவது, இவற்றில் எது வேண்டாம்? ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். மூச்சு விதி இல்லாமலும் கடல் சண்டை நடத்த முடியும்.

கடைசியாக, உண்மையிலேயே ஒருவர் செத்தால். செத்தவரை எழுப்பும் ரிவிவிஃபை ஸ்பெல்லுக்கு ஒரு நிமிடத்துக்குள் உடலைத் தொட வேண்டும், அந்தப் பத்து ரவுண்டில் உடல் 100 அடி கீழே போயிருக்கும். அதே மாதிரி இன்னொரு ஸ்பெல்லான ரெய்ஸ் டெட் பத்து நாள் வரை தாங்கும், அதற்கும் உடல் வேண்டும். மெர்ரோக்கள் கொன்றவர்களின் உடலைக் கடற்பாசியில் கட்டித் தங்கள் எல்லையில் தொங்கவிடும் வழக்கமுள்ளவை, அதனால் உடல் எங்கே இருக்கும் என்று பார்ட்டிக்குத் தெரிந்திருக்கும். அடுத்த இரண்டு செஷன் அதுவே ஆகிவிடலாம், பத்து நாள் கெடு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

அதுவரை செத்தவரின் பிளேயர் சும்மா உட்காரக் கூடாது. நடுக்கடலில் புதுக் கேரக்டர் எங்கிருந்து வரும் என்ற பிரச்சினை இங்கே உண்டு, தரையில் போல சத்திரத்தில் சந்தித்தோம் என்று சொல்ல முடியாது. அதனால் கேம்ப்பெயின் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் மாலுமிகளில் ஒருவரை இரண்டாவது கேரக்டராக எழுதி உங்களிடம் கொடுத்துவிட வேண்டும், பார்ட்டியைவிட ஒரு லெவல் குறைவாக. மூன்றாவது டெத் சேவ் தோற்றதும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள், இனிஷியேட்டிவ் (டர்ன் வரிசையை முடிவு செய்யும் டைஸ்) போடச் சொல்லுங்கள், அடுத்த ரவுண்டிலேயே அவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்.